பாம்பு மீட்புக்குப் போகிறவர்களுக்கு: கடிபட்டால் என்ன செய்வது என்ற திட்டத்தை முன்கூட்டியே தயாரிக்கும் முறை

குமரி மாவட்டத்தில் பாம்பு பிடிக்கத் தெரிந்த ஒருவராவது ஊருக்கு ஊர் இருக்கிறார். ரப்பர் தோட்டத்துச் சருகுக்குள், வாழைத் தோப்பில், கோழிக்கூட்டில், மழை பெய்த மறுநாள் குளியலறையில் என்று பாம்பைப் பார்த்தவுடன் அவருக்குத்தான் போன் போகிறது. அடித்துக் கொல்லாமல் ஆளைக் கூப்பிடும் பழக்கம் இங்கே வளர்ந்திருப்பது நல்ல விஷயம். ஆனால் பாம்பைப் பிடிக்கப் பழகிய பலரிடம், தான் கடிபட்டால் அடுத்த அரை மணி நேரத்தில் யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய ஒரு தாள்கூட இல்லை. 'அப்போ பார்த்துக்கலாம்' என்பதுதான் பெரும்பாலும் பதில். கடிபட்டவரால் அப்போது பார்த்துக்கொள்ள முடியாது. கட்டுவிரியன் கடியில் கண் இமை கீழே இறங்கிவிடும், நாக்கு குழறும். கண்ணாடி விரியன் கடியில் வலியும் வாந்தியும் ஆளை யோசிக்க விடாது. ஆகவே முடிவுகளை எல்லாம் இன்றே, தெளிவாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

தொடங்கும் முன் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது குற்றம். மீட்ட பாம்பைக் 'காலையில் விடலாம்' என்று வீட்டில் வைத்துக்கொள்வதும் சரியல்ல. வனத்துறைக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி ஒப்படைக்கவோ விடவோ வேண்டும். இது சட்டத்துக்காக மட்டுமல்ல. பாம்பு உங்கள் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கடிக்கான வாய்ப்பு கூடுகிறது. தமிழ்நாட்டில் இந்த வேலையை முறையாகச் செய்பவர்கள் வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர். 1978இல் தொடங்கிய அந்தச் சங்கம் அரசு அனுமதியோடு பாம்புகளை வைத்து விஷம் எடுத்துவிட்டு மறுபடியும் காட்டில் விடுகிறது. விஷமுறிவு மருந்து தயாரிக்க அந்த விஷம்தான் போகிறது.

முதல் படி: எந்தக் கடிக்கு மருந்து இருக்கிறது, எதற்கு இல்லை

இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நான்கு பாம்புகளின் விஷத்துக்கு எதிராகத் தயாரிக்கப்படுகிறது: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். குதிரைக்குச் சிறுகச் சிறுக விஷத்தைச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்து எடுக்கிறார்கள். ஒரே குப்பி இந்த நான்குக்கும் வேலை செய்யும். எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டாலும் மருத்துவர் சிகிச்சையைத் தொடங்க முடிவது இதனால்தான்.

குமரிக்காரர்கள் இதோடு நிறுத்திவிடக் கூடாது. நம் மாவட்டம் ஒருபுறம் மேற்குத் தொடர்ச்சி மலை, மறுபுறம் கடல். கீரிப்பாறை, பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் சருகோடு சருகாகக் கிடக்கும் ஒரு சிறு குழிவிரியன் உண்டு. மூக்கு நுனி லேசாக மேலே தூக்கியிருக்கும், உடம்பு காய்ந்த இலை நிறத்தில் இருக்கும். 'சின்னப் பாம்புதானே' என்று இதைக் கையில் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். இதன் கடி ரத்தம் உறையும் தன்மையைக் கெடுத்துச் சிறுநீரகத்தையும் செயலிழக்க வைக்கக் கூடியது. நம்மிடம் உள்ள மருந்து இதற்குப் பலன் தராது. பல மருத்துவமனைகளில் இதைச் சுருட்டை விரியன் என்று தவறாக அடையாளம் கண்டு மருந்தை ஏற்றியிருக்கிறார்கள். மருந்தால் ஒவ்வாமை வந்ததே தவிர ரத்தம் உறையவில்லை. இந்தப் பாம்பு கடித்தால் தேவைப்படுவது நெருக்கமான கண்காணிப்பும், வேண்டிவந்தால் டயாலிசிஸும்.

ராஜநாகத்துக்கும் இந்த மருந்து தயாரிக்கப்படவில்லை. கடல் பாம்புக்கும் இல்லை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் வலையைப் பிரிக்கும்போது கடல் பாம்பு கடித்தால் கடித்த இடத்தில் வலி பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் உடம்பு முழுக்கத் தசைவலி, அப்புறம் சிறுநீர் கறுத்துப் போகும். கடற்கரை ஊர்களில் மீட்பு வேலை செய்பவர்கள் இதையும் தாளில் எழுத வேண்டும்.

இதிலிருந்து வரும் முடிவு நேரடியானது. மருந்து இல்லாத பாம்பைக் கையால் தொடவே வேண்டாம். குழிவிரியனும் ராஜநாகமும் கண்ணில் பட்டால் வனத்துறையைக் கூப்பிட்டுவிட்டுத் தள்ளி நிற்பதுதான் உங்கள் வேலை.

இரண்டாம் படி: மருத்துவமனையை இப்போதே முடிவு செய்யுங்கள்

திட்டத்தின் முக்கால்வாசி இதுதான். கடிபட்ட பிறகு 'எங்கே கொண்டு போகலாம்' என்று நாலு பேர் நாலு பக்கம் பேசும்போது போகும் நேரம், சாலையில் போகும் நேரத்தைவிட அதிகம்.

கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. விஷமுறிவு மருந்து இப்போது இருப்பில் இருக்கிறதா? எத்தனை குப்பி? இரவிலும் ஞாயிறன்றும் மருத்துவர் இருப்பாரா? வென்டிலேட்டர் உண்டா? டயாலிசிஸ் உண்டா? இவற்றைப் போனில் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. ஒரு நாள் பகலில் நேரே போய், அவசரப் பிரிவில் இருக்கும் செவிலியரிடமோ மருத்துவரிடமோ 'நாங்கள் பாம்பு மீட்பு வேலை செய்கிறோம்' என்று சொல்லிப் பொறுமையாகக் கேளுங்கள். பொதுவாக அக்கறையோடு பதில் சொல்வார்கள்.

எத்தனை குப்பி என்று ஏன் கேட்க வேண்டும்? ஒரு குப்பி மருந்தை 10 மில்லிலிட்டராகக் கரைப்பார்கள். அதில் ஒவ்வொரு மில்லிலிட்டரும் 0.6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் விஷத்தை முறிக்கும். அப்படியானால் ஒரு குப்பி 6 மில்லிகிராம். ஒரு கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாக 63 மில்லிகிராம் விஷம் செலுத்துகிறது என்ற கணக்கை வைத்துத்தான் முதல் தவணையே 8 முதல் 10 குப்பி என்று நம் நாட்டுச் சிகிச்சை நெறிமுறை சொல்கிறது. இரண்டு குப்பி மட்டும் வைத்திருக்கும் இடத்துக்குப் போனால் அது போதாது. குழந்தைக்கும் இதே அளவுதான், ஏனென்றால் ஆள் சின்னவரானாலும் பாம்பு செலுத்தும் விஷம் குறைவதில்லை.

நம் மாவட்டத்தில் எல்லா வசதியும் சேர்ந்திருக்கும் அரசு இடம் ஆசாரிபள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஆரல்வாய்மொழி, தோவாளை, சுசீந்திரம் பக்கத்தினர் நேராக அங்கே போகலாம். குலசேகரம், திருவட்டாறு, அருமனை, கடையாலுமூடு பக்கத்தினர் இரண்டு இடங்களைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஒன்று, முதல் தவணை மருந்தை ஏற்றக்கூடிய அருகிலுள்ள அரசு மருத்துவமனை அல்லது ஆரம்ப சுகாதார நிலையம். இன்னொன்று, அங்கிருந்து போக வேண்டிய பெரிய மருத்துவமனை. களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் பலர் பழக்கத்தால் திருவனந்தபுரத்துக்கு வண்டியைத் திருப்புவார்கள். போகலாம், தவறில்லை. ஆனால் வழியில் மருந்து உள்ள இடத்தைக் கடந்து போவது தவறு. முதல் தவணையை ஏற்றிக்கொண்டு போங்கள்.

மருந்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று மீட்பாளர்கள் பலர் கேட்கிறார்கள். கூடாது. குதிரையின் புரதம் உடம்பில் ஏறும்போது சிலருக்குச் சில நிமிடங்களில் மூச்சு முட்டும், ரத்த அழுத்தம் விழும். உடனே அட்ரினலின் ஊசி போடவும், மூச்சுக்குழாய் பொருத்தவும் ஆள் இருக்கும் இடத்தில்தான் இந்த மருந்தை ஏற்ற வேண்டும்.

மூன்றாம் படி: தாள்

ஒரே பக்கம். பெரிய எழுத்து. பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளை வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டும். மூன்று படி எடுத்து, ஒன்று கருவிப் பையில், ஒன்று வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில், ஒன்று உடன் வரும் கூட்டாளியிடம். பிளாஸ்டிக் உறை போட்டுவிடுங்கள், நம் மழைக்கு வெறும் தாள் தாங்காது.

அதில் உங்கள் பெயர், வயது, எடை, ரத்தப் பிரிவு. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, இதய நோய் இருந்தால் அது. தினமும் சாப்பிடும் மாத்திரைகள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் அதைத் தடித்த எழுத்தில் எழுத வேண்டும், ஏனென்றால் விரியன் கடியில் மருத்துவர் செய்யும் சோதனையே அதனால் குழம்பிவிடும். (இனி வெறுமனே விரியன் என்று சொல்வது கண்ணாடி விரியனையும் சுருட்டை விரியனையும்தான், கட்டுவிரியனை அல்ல.)

அடுத்த வரி மிக முக்கியமானது: இதற்கு முன் பாம்பு கடித்திருக்கிறதா, விஷமுறிவு மருந்து ஏற்றியிருக்கிறார்களா, அப்போது ஒவ்வாமை வந்ததா? முன்பு மருந்து ஏறியவருக்கு மறுமுறை ஒவ்வாமை வரலாம். அதைவிடக் கவனிக்க வேண்டியது, பல வருடம் பாம்போடு பழகுபவருக்கு விஷத்துக்கே ஒவ்வாமை உண்டாகிவிடலாம் என்பது. அப்படிப்பட்டவருக்குக் கடித்த சில நிமிடங்களிலேயே உடம்பு தடித்து, மூச்சுத் திணறி, மயக்கம் வரும். 'எனக்கு நாலு தடவை கடிச்சிருக்கு, உடம்பு பழகிப்போச்சு' என்று பெருமையாகச் சொல்பவர்களிடம் இதை நான் வற்புறுத்திச் சொல்வேன். உடம்பு பழகுவதில்லை, ஆபத்து கூடுகிறது.

அப்புறம் தொலைபேசி எண்கள்: 108, தேர்ந்தெடுத்த இரண்டு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு, வனச்சரக அலுவலகம், வண்டி ஓட்டக்கூடிய இரண்டு பேர், வீட்டில் ஒருவர். கடைசியாக, 108க்குச் சொல்ல வேண்டிய வாக்கியங்களையும் அப்படியே எழுதிவிடுங்கள். பதற்றத்தில் வாய் வராது. உதாரணமாக: 'பாம்பு கடிச்சிருக்கு. ஆம்பிளை, நாற்பது வயசு. கடிச்சது இத்தனை மணிக்கு. வலது கை. நினைவு இருக்கு, மூச்சு சரியா இருக்கு. இடம், திற்பரப்பு ரோட்டில் இன்ன தோட்டம், இன்ன கடைக்குப் பக்கத்தில் ஆள் நிக்கும்.'

கீழே கொஞ்சம் வெற்றிடம் விடுங்கள். கடித்த நேரம், வீக்கம் எங்கே வரை ஏறியது, எப்போது வாந்தி, எப்போது இமை இறங்கியது என்று கூட்டாளி அதில் குறிப்பார்.

நான்காம் படி: பை, பெட்டி, கூட்டாளி

தனியாகப் போகாதீர்கள். இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் இன்னொருவரை எழுப்புங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் போக வேண்டாம். கூப்பிட்டவரிடம் கதவைச் சாத்திவிட்டுத் தள்ளி நின்று பாம்பைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லலாம்.

கடி பல நேரம் பைக்குள் விடும்போது நடக்கிறது. 2022 ஜனவரியில் கோட்டயம் அருகே, கேரளம் முழுக்கப் பெயர்பெற்ற பாம்பு பிடிப்பவர் ஒருவரை நல்ல பாம்பு கடித்தது சாக்கில் போடும் நேரத்தில்தான், அதுவும் தொடையில். சீக்கிரம் மருத்துவமனைக்குக் கொண்டுபோனதால் அவர் பிழைத்தார். சாக்கை ஒரு கையிலும் பாம்பின் வாலை மறுகையிலும் பிடிக்கும் முறையை விட்டுவிடுங்கள். குழாயின் ஒரு முனையில் பையைக் கட்டி, கொக்கியால் பாம்பை அதற்குள் தானாகப் போக விடும் முறைதான் நல்லது. இருட்டைக் கண்டால் பாம்பு உள்ளே போகும். பையை முறுக்கிக் கட்டியதும் பூட்டக்கூடிய, காற்றுத் துளை உள்ள பெட்டிக்குள் வையுங்கள். துணி வழியாகவும் பாம்பு கடிக்கும், எனவே பையைத் தொடையில் படும்படி தூக்கவோ பைக்கில் மடியில் வைக்கவோ கூடாது.

பெட்டிமேல் பாம்பின் பெயர், பிடித்த இடம், நேரம் எழுதிய சீட்டு வேண்டும். தெரியவில்லை என்றால் 'தெரியவில்லை, விஷமுள்ளது' என்று எழுதுங்கள். 2001 செப்டம்பரில் அமெரிக்கப் பாம்பியலாளர் ஜோ ஸ்லோவின்ஸ்கி மியான்மர் காட்டில், பையில் இருப்பது விஷமில்லாத பாம்பு என்ற எண்ணத்தில் கையை விட்டார். இருந்தது கட்டுவிரியன் இனம். மழையால் ஹெலிகாப்டர் வர முடியாமல் அவர் இறந்தார். உலகத்தில் அந்தப் பாம்புகளை நன்றாக அறிந்தவர்களில் ஒருவர் அவர். நம் ஊரில் கட்டுவிரியனையும் அதைப் போலவே இருக்கும் விஷமில்லாத பாம்பையும் இரவு வெளிச்சத்தில் மாற்றிப் புரிந்துகொள்வது சர்வ சாதாரணம்.

ஐந்தாம் படி: கடித்த பிறகு, வரிசையாக

முதலில் பாம்பு. கூட்டாளி அதைப் பெட்டியில் அடைக்க முடிந்தால் அடைக்கட்டும், இல்லையென்றால் விட்டுவிட்டு எல்லோரும் விலகுங்கள். இரண்டாவது ஆளும் கடிபட்டால் திட்டம் முழுக்கக் குலைந்துவிடும். பாம்பை மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தேவையில்லை. தூரத்திலிருந்து ஒரு போட்டோ போதும். செத்த பாம்பின் தலையும் கடிக்கும்.

நேரத்தைக் குறியுங்கள். 108ஐக் கூப்பிடுங்கள்.

மோதிரம், வளையல், கடிகாரம், கறுப்புக் கயிறு, கால் கொலுசு, இறுக்கமான சட்டைக் கை எல்லாவற்றையும் கழற்றுங்கள். வீக்கம் ஏறிய பிறகு மோதிரம் விரலுக்கு ரத்தம் போகாமல் தடுக்கும்.

கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிந்தால் கட்டுவது போல மரச்சட்டமோ தடித்த அட்டையோ வைத்து, அசையாதபடி தளர்வாகக் கட்டுங்கள். கட்டுக்குள் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். நடக்க விடாதீர்கள், ஓட விடவே கூடாது. தசை அசைந்தால் விஷம் வேகமாகப் பரவும்.

மேலே இறுக்கிக் கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். விரியன் கடியில் விஷம் அந்த இடத்துத் தசையை அரிக்கும். இறுக்கிக் கட்டினால் அந்தக் கை கால் போகும். கீறினால் உறையாத ரத்தம் நிற்காமல் வரும். ஆஸ்திரேலியாவில் முழுக் கையையும் அழுத்தமாகத் துணி சுற்றும் முறை உண்டு. அது அந்த நாட்டுப் பாம்புகளுக்காக வந்தது, நம் ஊர் விரியன்களுக்கு ஏற்றதல்ல. ஒருவேளை யாராவது ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்தால் வழியில் சட்டென்று அவிழ்க்காதீர்கள். மருத்துவர் முன்னிலையில் அவிழ்க்கட்டும்.

குடிக்கவோ சாப்பிடவோ எதுவும் வேண்டாம், விழுங்கும் தசை தளர்ந்திருந்தால் புரையேறும். இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஆஸ்பிரின், புரூஃபென் போன்ற வலி மாத்திரைகள் ரத்தப்போக்கைக் கூட்டும். கொடுக்காதீர்கள்.

வீக்கத்தின் விளிம்பைப் பேனாவால் வரைந்து பக்கத்தில் நேரம் எழுதுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடியும். மருத்துவருக்கு இதைவிட உதவியான குறிப்பு வேறில்லை.

நம் மாவட்டத்தில் விஷ வைத்தியத்துக்குப் பழைய மரபு உண்டு, பெரியவர்கள் அந்தப் பக்கம் போகச் சொல்வார்கள். அவர்களை மரியாதையோடு மறுத்துவிடுங்கள். எல்லாக் கடியிலும் விஷம் ஏறுவதில்லை. விஷமுள்ள பாம்பே சில நேரம் விஷம் செலுத்தாமல் கடிக்கும். அப்படிப் பிழைத்தவர்களின் கதைதான் ஊரில் நிற்கிறது. எந்தக் கடியில் விஷம் ஏறியிருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. கட்டுவிரியன் கடியில் வலியோ வீக்கமோ பல்தடமோ இல்லாமலே சில மணி நேரம் கழித்து வயிற்றுவலி தொடங்கி மூச்சு நிற்கலாம். ஒன்றும் தெரியாவிட்டாலும் 24 மணி நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும்.

வண்டி

ஆம்புலன்ஸ் ஏற முடியாத தோட்டப் பாதைகள் குமரியில் நிறைய. கோதையாறு பக்கம் சிக்னலும் கிடைக்காது. அங்கே பைக்தான் வழி. ஓட்டுபவர், நடுவில் கடிபட்டவர், பின்னால் அவரைத் தாங்கிப் பிடிப்பவர் என்று மூன்று பேராகப் போவதை நம் சிகிச்சை நெறிமுறையே ஏற்கிறது. நேபாளத்தில் தாமக் பகுதியில் பைக் வைத்திருக்கும் இளைஞர்களை ஊர் ஊராகப் பதிவுசெய்து இப்படிக் கொண்டுபோனதில் பாம்புக்கடி இறப்பு பெருமளவு குறைந்தது. ரப்பர் பால்வெட்டுக்கு விடியும் முன் ஆட்கள் இறங்கும் தோட்டங்களில், இரண்டு பைக்காரர்களின் பெயரை எழுதி வைப்பது எந்தச் செலவும் இல்லாத ஏற்பாடு. தார்ச்சாலையில் 108ஐ எந்த இடத்தில் எதிர்கொள்வது என்பதையும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

வருடத்தில் இரண்டு முறையாவது ஒத்திகை பாருங்கள், அதில் ஒன்று மழைக்கால இரவாக இருக்கட்டும். ஒருவர் கடிபட்டவராக உட்கார, மற்றவர்கள் தாளை மட்டும் பார்த்துச் செய்ய வேண்டும். எந்த எண் மாறிவிட்டது, எந்தப் பாலம் வேலைக்காக அடைத்திருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

மருத்துவமனையில்

தாளை நீட்டுங்கள். கடித்த நேரம், இடம், அறிகுறி வந்த வரிசை, நீங்கள் செய்த முதலுதவி, இவ்வளவுதான் அவர்களுக்குத் தேவை. விரியன் கடி என்று சந்தேகப்பட்டால் 2 மில்லிலிட்டர் ரத்தம் எடுத்துச் சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் ஆட்டாமல் வைப்பார்கள். சாய்த்துப் பார்க்கும்போது உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். சோதனை நடக்கும்போது 'ஏன் இன்னும் மருந்து போடவில்லை' என்று சண்டை போடாதீர்கள். அறிகுறி இல்லாமல் அந்த மருந்தை ஏற்றுவதில்லை, அதுதான் சரியான முறை. ஆனால் இமை இறங்குவது, பேச்சுக் குழறுவது, ஈறில் ரத்தம் என்று எதையாவது நீங்கள் முதலில் கவனித்தால் உடனே சத்தமாகச் சொல்லுங்கள்.

விஷத்தால் தசை முழுதும் செயலிழந்தவர் செத்தவர் போலக் கிடப்பார், ஆனால் காது கேட்கும். வென்டிலேட்டர் மூச்சுக் கொடுத்தால் விஷம் இறங்கி எழுந்து வருவார். பக்கத்தில் நின்று அழுது அவநம்பிக்கையாகப் பேசாமல், பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தைரியம் சொல்லுங்கள்.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. அரசு மருத்துவமனையோ தனியாரோ, ஒவ்வொரு கடியும் பதிவாக வேண்டும். மீட்பு வேலையில் கடிபட்டதை மறைத்து 'விறகு எடுக்கும்போது' என்று சொல்லாதீர்கள். எந்த ஊரில் எந்தப் பாம்பு கடிக்கிறது என்று தெரிந்தால்தான் அந்தப் பக்கத்து மருத்துவமனைக்கு மருந்து போதுமான அளவு வரும்.

வீடு திரும்பிய பிறகு

ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், மூட்டுவலி, உடம்பில் தடிப்பு வந்தால் அது மருந்தின் பின்விளைவாக இருக்கலாம், மறுபடியும் மருத்துவரிடம் போங்கள். விரியன் கடிபட்டவர் சிறுநீரின் அளவையும் நிறத்தையும் கவனிக்க வேண்டும். குறைந்தாலோ கறுத்தாலோ காத்திருக்கக் கூடாது. மருத்துவர் சொல்கிறபடி சிறுநீரகச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். எத்தனை குப்பி ஏறியது, ஒவ்வாமை வந்ததா என்பதை டிஸ்சார்ஜ் சீட்டிலிருந்து பார்த்துத் தாளில் சேர்த்து, மூன்று படிகளையும் மாற்றிவிட்டு, மருத்துவர் அனுமதி கொடுத்த பிறகுதான் அடுத்த அழைப்பை எடுங்கள்.